மறைந்தொழுகும் குருதி – சதையியிலிருந்து வரும் ஓர் அரிய இரத்தப்போக்கு

வயிற்று நோ என்று ஒருவர் வாய் திறந்தால் நம்மவர் வீடுகளில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஓமத்தண்ணீர் வரும், வெந்தயம் ஊறப்போட்ட தண்ணீர் வரும், மோரில் சீரகம் போட்டு வரும். கந்தசஷ்டிக் காலமானால் ‘விரதம் பிடித்த சூடு’ என்று காரணமும் உடனே கிடைத்துவிடும். ஆனால் மலம் கறுத்துப் போகிறது என்பதை மாத்திரம் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாப்பாட்டு மேசையிற் பேசக்கூடிய சங்கதி அல்ல அது. மருமகளிடம் சொல்லக் கூச்சம், மகனிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். இப்படியே நாலைந்து நாள் கழிந்து, ஒருநாள் அதிகாலையிற் குளியலறையில் மயங்கி விழுந்த பின்னர்தான் அம்புலன்ஸ் வருகிறது. அதன் பின்பு வைத்தியசாலையிலும் சிலருக்குக் காரணம் இலகுவில் அகப்படுவதில்லை. அவ்வாறு அகப்படாமல் ஒளிந்து விளையாடும் ஒரு குருதிப் பெருக்கைப் பற்றியது இக்கட்டுரை.

முதலிற் கறுப்பு நிறத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகிய மேற்பகுதியில் இரத்தம் கசிந்தால், அது கீழே இறங்கும் வழியில் இரைப்பை அமிலத்தாலும் குடலிலுள்ள நுண்ணுயிர்களாலும் நிறம் மாறி, தார் போலக் கறுத்து, ஒட்டுந் தன்மையுடன் வெளிவரும். அதன் துர்நாற்றம் வழமையான நாற்றம் அன்று. ஒருமுறை அறிந்த தாதிமார் பின்பு மறப்பதில்லை. நூறு மில்லிலீற்றர், அதாவது அரைத் தேநீர்க் கோப்பையளவு இரத்தமே மலத்தை இப்படிக் கறுக்கப் போதும். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும். ஆனால் அது தார்போல ஒட்டாது, அந்த நாற்றமும் இராது. இந்த வேறுபாட்டை வீட்டிலுள்ள ஒருவராவது தெரிந்திருப்பது நல்லது.

மேற்பகுதி இரத்தப்போக்குக்குப் பெரும்பாலான காரணங்கள் யாவரும் அறிந்தவையே. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் வரும் புண் முதலாவது. மூட்டுநோவுக்கு நாட்கணக்காக விழுங்கும் இபுபுரொபன் போன்ற மாத்திரைகளும், இருதயத்துக்காக எடுக்கும் அஸ்பிரினும் இதற்குத் துணைபோகின்றன. ஈரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாயில் நாளங்கள் புடைத்து வெடிப்பது இன்னொன்று. இவற்றையெல்லாம் வாய்வழியே செலுத்தும் உள்நோக்கிக் குழாயினாற் பார்த்து, பெரும்பாலும் அவ்விடத்திலேயே கட்டுப்படுத்திவிடலாம். இக்குழாயின் வரலாற்றில் நமது துணைக்கண்டத்தவர் ஒருவருக்கும் பங்குண்டு. பஞ்சாபிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரல்ட் ஹொப்கின்ஸ் அவர்களுடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்து அவற்றின் வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று 1954இற் காட்டினார். வளைந்து கொடுக்கும் உள்நோக்கி அந்த வேரிலிருந்து முளைத்ததே.

ஆனால் அந்த உள்நோக்கி இரைப்பையைப் பார்த்து, முன்சிறுகுடலையும் பார்த்து, ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பி வந்தால் என் செய்வது? புண் இல்லை, புடைத்த நாளம் இல்லை, இரத்தம் மாத்திரம் குறைந்துகொண்டே போகிறது. இத்தகைய வேளையில் அனுபவமுள்ள வைத்தியர் நினைத்துப் பார்க்கவேண்டிய இடங்களுள் ஒன்று சதையி.

சதையி என்னும் சுரப்பி

தமிழ்நாட்டு நூல்கள் கணையம் என்றும், இலங்கைப் பாடநூல்கள் சதையி என்றும் வழங்குவது ஒரே உறுப்பைத்தான். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்காகக் கிடக்கும் சுரப்பி அது. நீளம் ஏறக்குறைய பதினைந்து சென்ரிமீற்றர். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் அமர்ந்திருக்க, வால் இடப்புறம் மண்ணீரல் வரை செல்லும். இன்சுலின் இங்கிருந்து வருவது சலரோகக்காரர் பலருக்குத் தெரியும். அதைவிட, நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கும் மேலான சமிபாட்டுச் சாற்றையும் இது சுரக்கிறது. அந்தச் சாறு நடுவே ஓடும் ஒரு கான் வழியாகச் சென்று, பித்தக் கானுடன் சேர்ந்து, முன்சிறுகுடலின் சுவரிலுள்ள ஒரு சிறு துவாரத்தால் வெளியேறும்.

இந்தச் சாறு பொல்லாதது. உண்ட இறைச்சியையும் பருப்பையும் கரைக்கும் வலிமை அதற்குண்டு. சதையி அழற்சியடையும்போது அது இருக்கவேண்டிய பாதையை விட்டுக் கசிந்து, பக்கத்திலுள்ள இழையங்களையே அரிக்கத் தொடங்கும். பக்கத்தில் இருப்பதோ இலேசான அயலார் அல்லர். மண்ணீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாடிக் கிளை, சதையியின் மேல்விளிம்பை ஒட்டிப் பாம்புபோல வளைந்து ஓடுகிறது. அதன் சுவர் அரிபட்டு மெலிந்தால், அவ்விடம் குமிழாகப் புடைக்கும். அக்குமிழ் சதையிக் கானுக்குள்ளேயோ, கானுடன் தொடர்புள்ள நீர்க்கட்டிக்குள்ளேயோ வெடித்தால், நாடி இரத்தம் சதையிச் சாறு ஓடும் வழியால் முன்சிறுகுடலை அடையும். சில வேளை கானுக்குள் நாட்பட்டுக் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லே நாடியை உரசி அரிப்பதும் உண்டு. இவ்வகைப் பெருக்குக்குக் காரணமான நாடிகளுள் முதலிடம் மண்ணீரல் நாடிக்கே. பத்தில் ஆறு பேரளவில் அதுதான். அதற்கடுத்தது இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் செல்லும் நாடி.

நோயின் நடை விசித்திரமானது. மேல்வயிற்றில் நோ கிளம்பி முதுகுக்கு ஊடுருவும். காரணம், கானுக்குள் இரத்தம் உறைந்து அடைத்து அமுக்கம் ஏறுவதே. உறைந்த கட்டி நழுவி விழுந்ததும் இரத்தம் குடலுக்குள் இறங்கும், நோ தணிந்துவிடும். நோயாளி ‘அப்பாடா, சுகம் வந்துவிட்டது’ என்று எண்ணும் அதே நேரத்தில்தான் இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. சிறிது நேரத்தின் பின் கறுத்த மலம். பின்பு மறுபடியும் கட்டி உறைந்து, இரத்தம் நின்று, நோ தொடங்கும். இது நாட்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வந்து வந்து போகும். வைத்தியர் குழாய் விட்டுப் பார்க்கும் வேளையில் இரத்தம் நின்றிருந்தால், அவர் கண்ணுக்கு எதுவுமே படாது. அத்தோடு, சாதாரண உள்நோக்கி முன்புறம் பார்ப்பது. சதையிக் கான் திறக்கும் துவாரமோ பக்கச் சுவரில் இருக்கிறது. பக்கவாட்டில் நோக்கும் தனிக் கருவியினாலேயே அதைச் செவ்வையாகப் பார்க்கலாம். அத்துவாரத்திலிருந்து இரத்தம் சொட்டுவதை நேரிற் காணும் பாக்கியம் சில வைத்தியர்களுக்கே வாய்க்கிறது.

இந்நோயை 1931இல் லோவர், ஃபரல் என்னும் இருவர் முதலில் விவரித்தனர். மண்ணீரல் நாடியின் குமிழொன்று சதையிக் கானுக்குள் வெடித்த நோயாளரைப் பற்றியது அவர்களது குறிப்பு. பெயர் வைத்தவர் சுவீடன் தேசத்துச் சத்திரவைத்தியர் பிலிப் சான்ட்புளொம், ஆண்டு 1970. இலத்தீன மொழியிற் சாறு என்னும் சொல்லையும் கிரேக்க மொழியில் இரத்தம் என்னும் சொல்லையும் இணைத்து ‘ஹீமோசக்கஸ் பங்கிரியாற்றிக்கஸ்’ என்றார். சதையிச் சாற்றிற் கலந்த குருதி என்பது பொருள். பித்தக் கான் வழியே வரும் இரத்தத்துக்கு 1948இற் பெயரிட்டவரும் இவரே. லண்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். ஒளிந்திருக்கும் இரத்தத்துக்குப் பெயர் சூட்டுவது இவரது கைராசி போலும்.

எவ்வளவு அரிது? சமிபாட்டுப் பாதையில் இரத்தப்போக்குக்கு ஆளாகும் ஆயிரத்தைந்நூறு பேரில் ஒருவருக்கு என்பதே வைத்திய நூல்களிற் பெரும்பாலும் காணப்படும் கணக்கு. அப்படியானால் செவன் கிங்ஸிலுள்ள ஒரு சங்கத்தவர் இதைப்பற்றி அறிந்து ஆவதென்ன என்று கேட்கலாம். விடை சென்னையிலிருந்து வருகிறது.

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியின் அனுபவம்

வடசென்னையில் உள்ள ஸ்ரான்லி அரசு வைத்தியசாலையை அவ்வூர்ப் பழைய மனிதர் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பர். 1782இற் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் என்பதால் அப்பெயர். அங்குள்ள சமிபாட்டுத்தொகுதிச் சத்திரசிகிச்சைப் பிரிவினர், ஆர். சுரேந்திரன் அவர்களும் அவரது சகாக்களும், 1997 முதல் 2008 வரை தாம் கண்ட இத்தகைய நோயாளர் 31 பேரைப் பற்றி 2009இல் ஒரு சர்வதேச வைத்திய ஏட்டில் எழுதினர். உலகின் பெரிய வைத்தியசாலைகள் பலவற்றில் பத்து நோயாளரைச் சேர்ப்பதே பிரயாசையான இந்நோயில், ஓர் அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தொருவர் என்பது கவனிக்கத்தக்கது.

அதைவிடக் கவனிக்கத்தக்கது அவர்கள் யார் என்பதுதான். மேல்நாட்டு நூல்களில் இந்நோய்க்கு ஆளாகிறவர் பெரும்பாலும் நெடுங்காலம் மது அருந்திச் சதையியைக் கெடுத்துக்கொண்ட ஆடவர். சென்னையிலும் அத்தகையோர் பலர் இருந்தனர். ஆனால் மதுவினால் வந்தவர்களைவிட, வெப்பமண்டலச் சதையி அழற்சி என்னும் வேறொரு நோயினால் வந்தவர்களே தொகையிற் கூடியிருந்தனர். சராசரி வயது முப்பதுகளின் நடுப்பகுதி. மிக இளையவருக்குப் பதினொரு வயது.

இந்த வெப்பமண்டல நோய் மதுவுடன் சம்பந்தமில்லாதது. இந்தோனேசியாவில் சுயிடெமா என்னும் வைத்தியர் 1959இல் இதைப்பற்றி எழுதினார். பின்பு கேரளத்தில் கீவர்கீஸ் என்பவர் நூற்றுக்கணக்கான நோயாளரைக் கண்டு ஆராய்ந்து பெரும் பணி செய்தார். சிறு பிள்ளையாக இருக்கும்போதே விட்டுவிட்டு வயிற்று நோ, இளவயதிற் சலரோகம், உடல் மெலிவு, எக்ஸ்கதிர் படத்திற் சதையி நெடுகிலும் வெண்ணிறக் கற்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இது நன்கு அறியப்பட்ட நோய்.

காரணத்தைத் தேடியவர்கள் ஒரு காலத்தில் மரவள்ளிக் கிழங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். கேரளத்து ஏழைகளின் உணவு அது. அதில் இயற்கையாகவே சயனைட்டு சேர்ந்த பொருள் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1970களின் தட்டுப்பாட்டுக் காலத்தை மரவள்ளியும் சம்பலுமாகக் கழித்த அன்பர்கள் இதைப் படித்துக் கலங்கவேண்டியதில்லை. மரவள்ளி உண்ணாதவர்களுக்கும் இந்நோய் வந்தது. ஆபிரிக்காவில் அதையே மூன்று வேளையும் உண்ட கோடிக்கணக்கானோருக்கு வரவில்லை. ஆகவே அந்தக் கொள்கை பெரும்பாலும் கைவிடப்பட்டது. (மரவள்ளியுடன் இஞ்சி சேரக்கூடாது என்று ஆச்சிமார் சொன்னது வேறு கதை.) இன்று ஆராய்ச்சியாளரின் கவனம் பரம்பரை மீது திரும்பியுள்ளது. சதையிச் சாறு நேரத்துக்கு முந்தி விழித்துக்கொள்ளாமற் காக்கும் ஒரு புரதம் உண்டு. அதற்குரிய பரம்பரை அலகிற் கோளாறு, இந்நோயாளர் பலரிடம் காணப்படுகிறது. போசாக்கும் ஓரளவு சேர்ந்திருக்கலாம்.

பரம்பரை என்றால் அது விமானத்திலும் ஏறிவரும். தென்னிந்தியாவிற் பிறந்து, சிறுவயதில் வயிற்று நோவுடன் வளர்ந்து, இலண்டனுக்கு வந்து இருபது வருடம் வேலை பார்க்கும் ஒருவருக்குச் சதையியிற் கல் இருக்கலாம். கறுத்த மலத்துடன் அவர் வைத்தியசாலைக்குப் போகும்போது, எதிரே நிற்கும் இளம் வைத்தியருக்கு இந்நோயின் பெயர் பரீட்சைக்குப் படித்த ஒரு வரி மாத்திரமே. அவருக்கு உதவக்கூடியது நோயாளி சொல்லும் கதைதான்.

மது பற்றிய கேள்வி

இங்கு ஒரு சங்கடத்தையும் மறைக்காமற் சொல்லவேண்டும். சதையி அழற்சி என்றதும் இந்நாட்டு வைத்தியர் முதலிற் கேட்பது, கிழமைக்கு எவ்வளவு மது அருந்துகிறீர் என்பதை. கேட்பது அவர் கடமை. ஆனால் மாமனாரும் மனைவியும் கட்டிலருகே நிற்கையில் அக்கேள்வி வந்தால் இரண்டு விதமான தவறு நிகழ்கிறது. அருந்துகிறவர் ‘இல்லை’ என்று விடுவார். வாழ்நாளிற் தொட்டறியாதவரோ தம்மைச் சந்தேகிக்கிறார்கள் என்று மனம் நொந்து, அதற்குமேல் எதையும் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வார். இரண்டினாலும் நட்டம் நோயாளிக்கே. உறவினர் சற்று வெளியே போய் நிற்பது மரியாதைக் குறைவு அன்று. அருந்தாதவர் அதைத் திட்டமாகச் சொல்லி, கூடவே சொல்லவேண்டியவை: சிறுவயது முதல் வயிற்று நோ உண்டா, சலரோகம் எந்த வயதில் வந்தது, முன்பு எடுத்த படத்திற் சதையியிற் கல் என்று எவராவது சொன்னார்களா, குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா, நோ தணிந்த பின்பு மலம் கறுத்ததா. இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்பது ஒன்றே வைத்தியரின் சிந்தனையைச் சதையியின் பக்கம் திருப்பிவிடக்கூடும்.

ஆங்கிலம் போதாத மூத்தோருக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். தேசிய சுகாதார சேவையில் அதற்குக் கட்டணம் இல்லை. பத்து வயதுப் பேரப்பிள்ளையைக் கொண்டு அப்பம்மாவின் மலத்தின் நிறத்தை மொழிபெயர்ப்பிப்பது இருவருக்கும் செய்யும் கொடுமை. அப்பம்மா பாதியை விழுங்குவார். பிள்ளை மீதியை விழுங்கும்.

கண்டுபிடிப்பதும் அடைப்பதும்

செவன் கிங்ஸ் வாசிகளுக்கு அண்மையிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவு, குட்மேய்ஸ் பார்லி லேனில் அமைந்த கிங் ஜோர்ஜ் வைத்தியசாலையினது. எலிசபெத் பாதை ரயிலில் ஏறினால் வைற்சாப்பலில் இறங்கி றோயல் லண்டன் வைத்தியசாலைக்கும் போகலாம். சதையிக்கும் ஈரலுக்கும் உரிய விசேட சத்திரசிகிச்சைப் பிரிவு அங்குண்டு. ஆனால் இரத்தம் போய்க்கொண்டிருப்பவர் ரயில் ஏறுவதும், பஸ்ஸுக்கு நிற்பதும், குடும்ப வைத்தியரின் அடுத்த செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருப்பதும் புத்தியல்ல. கறுத்த மலத்துடன் தலைச்சுற்றோ, வியர்வையோ, நெஞ்சுப் படபடப்போ இருந்தால் 999.

வைத்தியசாலையில் முதல் வேலை இரத்தத்தின் அளவைக் காப்பதும், தேவையானால் ஏற்றுவதும். நிலை தளும்புவோருக்கு உடலைத் தேற்றியவுடனும், ஏனையோருக்கு 24 மணி நேரத்துக்குள்ளும் உள்நோக்கிப் பரிசோதனை நடக்கவேண்டும் என்பது இந்நாட்டில் 2012இல் வெளியான வழிகாட்டி நெறி. அதிற் காரணம் தெரியாவிட்டால் அடுத்தது சீ.ரீ. படம். நாளத்துக்குள் சாயம் செலுத்தி, அது நாடியில் ஓடும் நொடிகளிலேயே எடுக்கும் படம் அது. சதையியின் கற்களும், நாடியிற் புடைத்த குமிழும் அதிற் தெரியவரும். விம்பிள்டன் என்றதும் நம்மவர்க்கு 1981இல் எழுந்த பிள்ளையார் கோயில் நினைவுக்கு வரும். அதற்குச் சரியாகப் பத்தாண்டு முன்பு, 1971 ஒக்ரோபர் முதலாந் திகதி, அதே விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையிற்றான் கொட்ஃபிறி ஹவுன்ஸ்ஃபீல்ட் தமது பொறியினால் முதன்முதலாக ஒரு நோயாளியைப் படம் பிடித்தார். அன்று எடுத்தது தலையை மாத்திரம். 1979இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

குமிழ் எங்கே என்று தெரிந்தால் வயிற்றைத் திறக்காமலே அடைக்க முயலலாம். தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள நாடிக்குள் ஊசி குத்தி, அதன் வழியே கம்பியையும், கம்பியின்மேல் மெல்லிய குழாயையும் செலுத்தும் முறையை சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர் 1953இல் வெளியிட்டார். அந்தக் குழாயைக் குமிழ் வரை கொண்டுசென்று, சுருள் கம்பிகளை உள்ளே விட்டு அடைக்கிறார்கள். சுருள், குழாய்க்குள் நேராகச் சென்று வெளிப்பட்டதும் சுருண்டு கொள்ளும். அதன்மேல் இரத்தம் உறைந்து வழி அடைபடும். 1975இல் ஜியன்ற்றூக்கோ என்பார் இச்சுருளை அறிமுகஞ் செய்தபோது, உறைதலுக்காக அதில் கம்பளி நூலைக் கட்டியிருந்தார். நாடிக்கு இரு பக்கமும் வழியுண்டு. முன்னால் மாத்திரம் அடைத்தால், வேறு கிளைகள் மூலம் பின்புறத்தால் இரத்தம் திரும்பிவந்து குமிழை நிரப்பும். ஆகவே குமிழைத் தாண்டிச் சென்று அப்பாலும் அடைத்து, பின்பு இப்பாலும் அடைப்பர். மண்ணீரல் நாடி இப்படி அடைபட்டாலும், இரைப்பையிலிருந்து செல்லும் சிறு நாடிகளால் மண்ணீரல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நோயாளிக்கு முழு மயக்கம் தேவையில்லை. சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால், சலரோகமும் சிறுநீரகக் குறையும் உள்ளவர் அதை முன்னரே சொல்லவேண்டும்.

இது எல்லோருக்கும் பலிக்கும் என்று எண்ணவேண்டாம். சென்னை ஸ்ரான்லியில், முயன்றவர்களிற் பாதிப்பேருக்கே அடைப்பு நிலைத்தது. முப்பத்தொருவரில் மூன்றில் இரு பங்கினர் சத்திரசிகிச்சைக்குப் போகவேண்டி வந்தது. அவ்வைத்தியர்கள் இதை மூடிமறைக்காமல் எழுதியது பாராட்டுக்குரியது. வெற்றியை மட்டும் எழுதும் ஏடுகள் வைத்திய உலகிலும் உண்டு. 2008க்குப் பின்பு குழாய்களும் சுருள்களும் திருந்தியுள்ளன. இன்று நிலை தளும்பாத நோயாளியிடம் முதலில் நாடி அடைப்பையே முயல்வது வழக்கம். அது பலிக்காதபோதும், பெருகும் இரத்தத்துக்கு அவகாசம் இல்லாதபோதும் சத்திரசிகிச்சை. வால் பக்கத்துக் குமிழானால் சதையியின் வாலையும் மண்ணீரலையும் சேர்த்து எடுப்பர். தலைப்பக்கமானால் முன்சிறுகுடலும் சேர்ந்து வரும் மிகப் பெரிய சத்திரசிகிச்சை தேவைப்படலாம். ஒன்றும் செய்யாது விட்டவர்களிற் பிழைப்போர் சிலரே என்பதை வைத்துப் பார்த்தால், இந்தப் பாடு தகும்.

ஏற்றும் இரத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெற்காசியரிடையே ‘பி’ வகை இரத்தம் வெள்ளையரிடம் உள்ளதைவிட அதிகம். இந்நாட்டில் இரத்ததானம் செய்யும் நம்மவர் தொகையோ குறைவு.

வீடு திரும்பிய பின்

மண்ணீரல் எடுக்கப்பட்டவருக்குச் சில கிருமிகளை எதிர்க்கும் வலு குறைந்துவிடும். நியுமோனியாக் கிருமிக்கும், மூளைச்சவ்வு அழற்சிக் கிருமிக்கும், ஆண்டுதோறும் சளிக்காய்ச்சலுக்கும் தடுப்பூசி உண்டு. பெனிசிலின் மாத்திரை நெடுங்காலம் எடுக்கச் சொல்வர். சாதாரண காய்ச்சல் என்று பனடோல் போட்டுப் படுப்பது இவர்களுக்கு ஆகாது. அன்றே வைத்தியரிடம் போகவேண்டும். தலயாத்திரை போகிறவர்கள் இதை விசேடமாகக் கவனிக்கவேண்டும். இலங்கையிலிருந்து மலேரியா ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் 2016இற் சான்று வழங்கியது. இந்தியா அந்நிலையை இன்னும் அடையவில்லை. மண்ணீரல் இல்லாதவருக்கு மலேரியா உயிராபத்தாக முடியும். பயணத்துக்குச் சில கிழமை முன்பே மாத்திரை பற்றி விசாரிக்கவேண்டும். கோயில் வீதியில் நாய் கடித்தால், விசர்நோய் ஊசியோடு நின்றுவிடாமல், மண்ணீரல் இல்லை என்பதையும் அங்குள்ள வைத்தியரிடம் சொல்லவேண்டும். நாயின் வாயிலுள்ள ஒரு கிருமி இவர்களை வெகுவாகத் தாக்கும்.

சைவ உணவுக்காரர் மனத்தை உறுத்தும் விடயம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. சதையி கெட்டவர்களுக்கு உணவு சமிபாடடைய ஒரு மாத்திரைக்கூடு கொடுக்கிறார்கள். ‘கிரியோன்’ என்பது அவற்றுள் ஒன்று. அது பன்றியின் சதையியிலிருந்து செய்யப்படுவது. இந்நாட்டிற் கிடைக்கும் இவ்வகை மருந்துகள் எல்லாம் அவ்வாறே. தாவரத்திலிருந்து செய்த சரியான மாற்று இதுவரை இல்லை. பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்து இதை அறிந்த சிலர், வைத்தியருக்கும் சொல்லாமல் வீட்டாருக்கும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பின்பு உண்ட கொழுப்பு உடலிற் சேராமல் எண்ணெயாக மிதந்து போகும், உடல் மெலியும், எலும்பு தேயும், சலரோகக்காரருக்குச் சர்க்கரை ஏறியும் இறங்கியும் அலைக்கழிக்கும். மறுபடி வைத்தியசாலை. அங்கே ‘மருந்தை ஒழுங்காக எடுத்தீர்களா?’ என்று கேட்டால், ‘ஓம்’ என்று தலையாட்டல்.

உயிர் காக்கும் மருந்துக்கு விலக்கு உண்டென்று கூறும் ஆசாரியர்கள் பலர். அப்படியும் வேண்டாம் என்பவர் இருக்கலாம். அது அவரவர் முடிவு. ஆனால் முடிவை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொன்னால், குறைந்த அளவில் எப்படிச் சமாளிப்பது, எந்த விற்றமினை வேறாக எடுப்பது, உணவை எப்படிப் பிரித்து உண்பது என்று உணவியலாளர் வழி காட்டுவார். வைத்தியசாலைகளில் இந்து சமயப் பணியாளரும் உளர். தாதியிடம் கேட்டால் அழைத்துத் தருவர். எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கூட்டைச் சாப்பாட்டின் முதற் கவளத்தோடு தண்ணீருடன் விழுங்கவேண்டும். கொதிக்கும் தேநீருடன் விழுங்கினால் அதன் வலு கெட்டுவிடும். மாலையிற் தேநீரோடு வடை உண்டாலும் ஒரு கூடு தேவை. கோயிற் பிரசாதமாகக் கிடைக்கும் நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் அப்படியே.